கல்குவாரிக் கொம்பன் ஆந்தை: சில படங்கள், ஒரு தவறு

கம்மாக்கரை (மதுரை)
24 நவம்பர் 2024, இரவு 9.40

நான்கு வருடமாக இங்கே எல்லாருடைய படங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்று காலையில் நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

எனக்கு ஆந்தை பழக்கமானது வீட்டு வாசலில்தான். 2019இல் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்துப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை குடியிருந்தது. கடையை அடைத்துவிட்டு வரும்போது மின்கம்பியில் உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டி ஆட்டி என்னைப் பார்க்கும். ஆந்தையின் கண் குழிக்குள் உருளாது, தூரத்தைக் கணிக்கத் தலையைத்தான் நகர்த்த வேண்டும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் படம் எடுக்கத்தான் கேமராவே வாங்கினேன். சாக்குருவி கத்துகிறது, மரத்தை வெட்டிவிடலாம் என்று தெருவில் சிலர் கிளம்பியபோது அந்தப் படங்களைக் காட்டித்தான் பேசினேன். மரம் இன்னும் நிற்கிறது.

அதிலிருந்து கொம்பன் ஆந்தையை, ஊரில் கோட்டான் என்போமே அதை, ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மேலூர்ப் பக்கம் வேலை நின்றுபோன கல்குவாரிகள் நிறைய உண்டு. கிரானைட் வெட்டிய செங்குத்துச் சுவர், அடியில் மழைத்தண்ணீர், சுற்றிலும் சீமைக்கருவேல முள். மலைப்பாறையிலும் ஓடைக்கரை மண்சுவரிலும் வாழ்கிற இந்தப் பறவை அங்கேயும் குடியேறிவிடுகிறது. போன மாதம் ஒரு குவாரிச் சுவரில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்ததைப் பார்த்தேன். கீழே கக்கிப்போட்ட உருண்டைகள், உள்ளே எலி மயிரும் தாடை எலும்பும். இடம் இதுதான் என்று தெரிந்துவிட்டது.

இன்று காலை ஏழரை மணிக்குப் போனேன். சுவரின் பாதி உயரத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தது. 90 மீட்டரிலிருந்து எடுத்த படம் கீழே மூன்றாவதாக இருக்கிறது. அதோடு திரும்பியிருக்கலாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிட்டே போனேன். 30 மீட்டரில் கொம்பு மாதிரி இருக்கிற தலையிறகு இரண்டும் நிமிர்ந்தன, உடம்பு ஒடுங்கி ஒல்லியானது, கண் கோடு மாதிரி சுருங்கியது. எனக்காக நின்று காட்டுகிறது என்று நினைத்துப் பத்துப் படம் எடுத்தேன். அது பயந்துபோய்ப் பாறையோடு பாறையாக ஒளிந்துகொள்ளப் பார்க்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த அடி வைத்ததும் பறந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் நெஞ்சில் நிற்கிறது. பட்டப்பகலில் வெளியே வந்த கோட்டானை முதலில் ஒரு கரிச்சான் கண்டது. இரண்டு நிமிடத்தில் ஏழெட்டுக் காக்கைகள். ஒரு வேலமரத்தில் போய் உட்கார்ந்ததும் முதுகில் கொத்தின. அங்கிருந்து இன்னொரு மரம், அங்கிருந்து பாறை. நாற்பது நிமிடம் விடவில்லை. "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரி. காலம் பார்த்து வேலை செய் என்று அரசனுக்குச் சொன்னது. அந்தக் காக்கைகளுக்குக் காலம் பார்த்துக் கொடுத்தது நான்.

பறக்கும்போது எடுத்த ஒரு படம் மிகக் கூர்மையாக வந்திருக்கிறது. செம்மஞ்சள் கண், விரிந்த சிறகு, பின்னால் இரண்டு காக்கை. அதை இங்கே போடவில்லை.

இனி அங்கே போகலாமா, போனால் எப்படிப் போக வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்குழல் (கோவை)
25 நவம்பர் 2024, காலை 6.55

90 மீட்டர் படமே நன்றாக இருக்கிறது, கல்லின் நிறமும் இறகின் நிறமும் ஒன்றாகக் கலந்திருப்பதைப் பார்க்க முடிகிறது. என்ன லென்ஸ், என்ன அளவுகள்? டிசம்பர் கடைசியில் மதுரை வருகிறேன். குவாரியின் இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்பினால் உதவியாக இருக்கும். கொம்பன் இதுவரை நான் எடுத்ததே இல்லை.

அப்புறம், அந்தப் பறக்கும் படத்தையும் போடுங்கள் அண்ணே. எடுத்தது எடுத்ததுதானே.

வெண்ணாறு (தஞ்சாவூர்)
25 நவம்பர் 2024, மதியம் 1.20

மனசை விட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்கிறேன், ஒரு நாள் கலைத்ததால் அது அந்த இடத்தை விட்டுப் போய்விடாது. திரும்பத் திரும்பக் கலைத்தால்தான் போகும்.

நான் விவசாயி. என்னிடம் இருப்பது பெரிய ஜூம் உள்ள ஒரு பழைய கேமரா, லென்ஸ் கழற்ற முடியாத வகை. நான் எடுப்பதெல்லாம் கூகைதான். நாற்று நட்ட பத்தாம் நாளிலிருந்து வயலில் பறவைத் தாங்கி வைப்பேன், நீளக் கழியில் குறுக்குக் கட்டை கட்டி, பயிருக்கு மேலே ஒரு முழம் தெரிகிற மாதிரி. பகலில் கரிச்சான் உட்காரும், புழு பூச்சியைப் பார்த்துக்கொள்ளும். இருட்டினதும் கூகை வரும். வெள்ளை மார்பு, இருதயம் மாதிரி முகம். சத்தம் ஒன்றுமே இருக்காது. சிறகின் முன்விளிம்பு சீப்புப் பல் மாதிரி இருப்பதால் காற்று கிழிபடாமல் வழுக்கிப் போகிறது என்பார்கள். தலைக்கு மேலே போன பிறகுதான் போனதே தெரியும்.

வரப்பில் உட்கார்ந்து தாங்கியைக் குறிவைத்துக் காத்திருப்பேன். ஆறேகால் மணியிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும்தான் எனக்கு வெளிச்சம். ஒரு போகத்துக்கு உருப்படியாக ஐந்தாறு படம் கிடைத்தால் அதிகம். ஆனால் அந்த ஐந்தாறிலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாயில் எலி இருக்கும்.

எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. பக்கத்து ஊர்க் கோயில் கோபுரத்தில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கூகை இருந்தது. திருப்பணியின்போது புறா அண்டாமல் இருக்க எல்லா மாடத்துக்கும் வலை அடித்தார்கள். கூகையும் போய்விட்டது. அடுத்த சம்பாவில் எலி வெட்டு தாங்க முடியவில்லை, ஊரே எலிமருந்து வாங்கியது. மருந்து தின்ற எலியைத் தின்றால் மிச்சமிருக்கிற கூகைக்கும் அது விஷம். ஒரே ஒரு மாடத்தை விட்டு வையுங்கள் என்று கேட்கிற அறிவு அன்றைக்கு எனக்கு இல்லாமல் போயிற்று.

கம்மாக்கரை (மதுரை)
25 நவம்பர் 2024, இரவு 10.05

வெண்ணாறு ஐயா, உங்கள் தாங்கிப் படங்களைத் தயவுசெய்து போடுங்கள். காத்திருந்தால் பறவையே வரும் என்பதை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

நெடுங்குழல் தம்பி, லென்ஸ் 150-600, இரண்டாம் கையாக வாங்கியது. அந்தப் படம் 600இல், எஃப் 6.3, 1/500, ஐஎஸ்ஓ 800.

இடத்தை மட்டும் சொல்ல முடியாது, தவறாக நினைக்காதீர்கள். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்கிற கொடுமை வட இந்தியாவில் இன்னும் இருக்கிறது, வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கிற டிராஃபிக் அமைப்பு ஒவ்வொரு வருடமும் எச்சரிக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்றாலும், நம் பக்கமும் பேச்சு அடிபடாமல் இல்லை. அதைவிடப் பக்கத்துப் பயம் வேறு. கொம்பன் நம் பக்கம் முட்டையிடுகிற காலம் இனிமேல்தான். கூடு என்று ஒன்றும் கட்டாது, திட்டில் வெறும் மண்ணில் இரண்டோ மூன்றோ முட்டை. தாய் எழுந்து போனால் மேலே மறைப்பு எதுவும் கிடையாது. நான் ஒருவன் போய் நின்றதற்கே நாற்பது நிமிடம் அடி வாங்கியது.

பருந்துப்பார்வை (மதுரை)
26 நவம்பர் 2024, காலை 8.10

கம்மாக்கரை, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இடத்தை மறைப்பது பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது அரிட்டாபட்டியில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறீர்கள். இந்த மாதம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததிலிருந்து ஊர் ஊராக மக்கள் கூடுகிறார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது? 2022இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்டது இருக்கிறது. சுமார் 250 பறவை இனம், லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு, ராசாளி என்று பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? வாரா வாரம் மலையேறி, படம் எடுத்து, எந்தப் பாறையில் எது இருக்கிறது என்று வெளியே சொன்னவர்களால் வந்தது. எல்லாரும் ரகசியம் ரகசியம் என்று பையில் வைத்திருந்தால் இன்றைக்கு "அங்கே வெறும் கல்தானே" என்று சொல்லிவிடுவார்கள்.

உங்கள் குவாரியையும் நாளைக்கே குப்பை கொட்டி மூடலாம், மறுபடி உரிமம் கொடுத்து வெடி வைக்கலாம். அங்கே ஒரு கொம்பன் இருக்கிறது என்று உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் யார் கேட்பது?

நீர்மருது (தருமபுரி)
26 நவம்பர் 2024, இரவு 7.30

பருந்துப்பார்வை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர் சொல்வது வேறு, மரத்தைக் காட்டிக்கொடுப்பது வேறு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒகேனக்கலுக்கு மேலே காவிரிக் கரையில் பூமன் ஆந்தை உண்டு. ஆற்றோர நீர்மருத மரத்தில் பகலெல்லாம் தூங்கும், மாலையில் இறங்கிப் பாறை மேல் உட்கார்ந்து மீனும் நண்டும் பிடிக்கும். காலில் இறகு கிடையாது, பாதத்தில் முள் முள்ளாக இருக்கும், வழுக்குகிற மீனைப் பிடிக்க. வெண்ணாறு ஐயா சொன்ன சீப்புப் பல் சிறகு இதற்கு இல்லை. தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்குச் சிறகுச் சத்தம் கேட்கப் போவதில்லையே. பறக்கும்போது சத்தம் நன்றாகக் கேட்கும். இதெல்லாம் நான் பரிசல் ஓட்டுகிற ஒரு அண்ணனோடு வருடக்கணக்கில் போய் வந்து பார்த்தது.

ஒரு வருடம் எங்கள் வாட்சப் குழுவில் ஒருவர் அந்த மரத்தின் படத்தை வரைபடக் குறியோடு போட்டார், நல்லெண்ணத்தில்தான். அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று கார். அதில் ஒரு கூட்டம் பூமன் கூப்பிடுகிற ஒலியைக் கைப்பேசியில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டது. தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று அந்த ஆண் மரத்துக்கு மரம் தாவி, வேட்டையை விட்டு, ஒரு மணி நேரம் பதில் குரல் கொடுத்தது. அவர்களுக்குப் படம் கிடைத்தது. அது அன்றைக்குப் பட்டினி.

பரிசல் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்: "நீங்க வர்றப்ப அது மீன் புடிக்கும், அவங்க வந்தா ஏன் புடிக்கல?" அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் மரத்தைக் காட்டியதில்லை.

முள்ளுக்காடு (அய்யலூர்)
28 நவம்பர் 2024, அதிகாலை 5.15

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். நான் எடுப்பது ஆந்தை இல்லை, தேவாங்கு. ஆனால் கம்மாக்கரை அண்ணன் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. "எனக்காக நின்று காட்டுகிறது என்று நினைத்தேன்" என்ற வரி.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கேமராவோடு வருகிறவர்கள் அதிகம். டார்ச் அடித்தால் முள்மரத்துக்குள் இரண்டு கண் செந்நெருப்பு மாதிரி திரும்பி ஒளிரும். உடனே கிட்டே போய் முகத்திலேயே வெள்ளை வெளிச்சம் அடிப்பார்கள். அது அசையாமல் நிற்கும். "பாருங்க, பயமே இல்ல, எவ்வளவு சமர்த்தா நிக்குது" என்பார்கள். பயத்தில் உறைந்து நிற்பதுதான் தேவாங்கின் வழக்கம். ஓடித் தப்பிக்கிற பிராணி இல்லை அது. உங்கள் கொம்பன் ஒல்லியாக நின்றதும் அதேதான்.

இருட்டுக்குப் பழகிய கண்ணின் பாவை முழுவதும் விரிந்திருக்கும். அதில் ஃபிளாஷ் அடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நான் வார்டில் நோயாளியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கும்போதே "கொஞ்சம் கூசும்" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பேன். தேவாங்கிடம் சொல்ல முடியாது.

நான் காட்டுக்குள் போவதில்லை. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவதே குற்றம், இரவில் கேட்கவே வேண்டாம். என் படங்கள் எல்லாம் எங்கள் தோட்டத்து வேலியில், மங்கலான சிவப்பு விளக்கில், தூரத்திலிருந்து. அதிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் விளக்கு எரியாது. படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். எனக்கு அது போதும்.

நெடுங்குழல் (கோவை)
28 நவம்பர் 2024, காலை 9.00

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். மூன்று பக்கிப் பறவைப் படம், எல்லாம் காட்டுரோட்டில் கார் விளக்கை முகத்தில் அடித்து எடுத்தது. அது எழுந்து பறக்காததை நானும் சமர்த்து என்றுதான் நினைத்தேன். மூன்றையும் என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

இடம் கேட்டதை விட்டுவிடுங்கள் அண்ணே. ஆனால் ஒரு சந்தேகம். பருந்துப்பார்வை சொன்ன மாதிரி எங்கேயாவது பதிவாகத்தானே வேண்டும்? பார்த்த பறவைகளைப் பதிகிற இ-பேர்டு இணையதளத்தில் என்ன செய்வது?

தீவுவாசி (சிங்கப்பூர்)
30 நவம்பர் 2024, இரவு 11.10

இங்கே நிலைமை தலைகீழ். பாசிர் ரிஸ் பூங்காவில் புள்ளிக் காட்டு ஆந்தை எந்த மரத்தில் என்று நடைப்பயிற்சிக்கு வருகிற தாத்தா பாட்டிக்கும் தெரியும். ஹாம்ஸ்டெட் ஈரநிலப் பூங்காவில் மீன் ஆந்தைக்குக் கீழே குழந்தைகள் சைக்கிள் ஓட்டும். பிறந்ததிலிருந்து மனிதர் நடுவே வளர்ந்த பறவைகள், நாம் பத்து மீட்டரில் நின்றால்கூடக் கண்ணை மூடித் தூங்கும்.

அப்படியிருந்தும் குஞ்சு பொரிக்கிற நாளில் இருபது முப்பது முக்காலி வட்டம் கட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குஞ்சு கீழ்க்கிளைக்கு இறங்கினால் கூட்டமும் இறங்கும். அங்கே நடமாட்டம் அதிகம் என்பதால் யாராவது ஒருவர் "தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். ஆளில்லாத குவாரியில் சொல்ல யார் இருக்கிறார்கள்? இடத்தைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் அங்கே காவலுக்கு யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கம்மாக்கரை (மதுரை)
1 டிசம்பர் 2024, இரவு 8.45

தீவுவாசி, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. காவலுக்கு ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.

இன்று கேமராவைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனேன். குவாரியின் எதிர்க்கரையில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். போன வாரம் நான் செய்ததை அவர் பார்த்திருக்கிறார். திட்டவில்லை. "உக்காருங்க தம்பி" என்றார். அவருடைய ஆடுகள் அந்தச் சுவரின் மேல்விளிம்பு வரைக்கும் போய் மேய்கின்றன. கோட்டான் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் கேட்டதற்கு அவர் சொன்னது: "நாங்க தெனம் வர்றோம், ஒரே நேரத்துல வர்றோம், அதைப் பாக்காம போறோம். நீங்க அதையே பாத்துக்கிட்டு நேரா அது மேலயே வந்தீங்க. நாய் வந்தா ஆடு நிக்குமா?"

ஆறு பத்துக்கு அது குரல் கொடுத்தது. இரண்டு சுரம், பின்னது நீளம், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. தண்ணீருக்கு மேலே சுவரில் பட்டுத் திரும்புகிறது. ஒரு தரம் கத்தினால் சாவு, இரண்டு தரம் கத்தினால் நினைத்த காரியம் நடக்கும் என்று எங்கள் அப்பத்தா எண்ணிக்கொண்டே இருப்பார். கொம்பனின் கூப்பாடே இரட்டையாகத்தான் இருக்கிறது. அப்பத்தா இருந்திருந்தால் இதைச் சொல்லி நிம்மதியாகத் தூங்க வைத்திருப்பேன்.

நெடுங்குழல் தம்பிக்கு: இ-பேர்டில் பட்டியலை மறைத்து வைக்கிற வசதி இருக்கிறது. தரவு உள்ளே போய்விடும், பொதுவில் தெரியாது. குஞ்சு பறந்த பிறகு திறந்துவிடலாம். கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், பகிர்வதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். பலர் இடத்தைச் சொல்லாமல் படத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

பருந்துப்பார்வை, உங்கள் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த வாரம் வனச்சரக அலுவலகத்தில் போய் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். எந்தக் குவாரி, எந்தச் சுவர், எத்தனை பறவை, எல்லாம். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியட்டும். நீங்களும் கூட வருகிறீர்களா?

பருந்துப்பார்வை (மதுரை)
1 டிசம்பர் 2024, இரவு 9.02

வருகிறேன். எந்த நாள்?

கம்மாக்கரை (மதுரை)
12 ஜனவரி 2025, இரவு 10.30

பொங்கல் வேலை நெருக்கடியிலும் இதை எழுதிவிட வேண்டும்.

டிசம்பரில் ஐந்து ஞாயிறும் போனேன். நான்கு தடவை கேமரா இல்லை. பெரியவரோடு ஒரே இடத்தில், ஒரே வேட்டி சட்டையில், ஒரே நேரத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் அது என்னைப் பார்த்துக் கொம்பைத் தூக்கியது. மூன்றாவது வாரம் தலையை மட்டும் திருப்பியது. நான்காவது வாரம் நான் வந்தபோது அது சிறகைக் கோதிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை. எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது.

ஐந்தாவது வாரம் முக்காலியைக் கொண்டுபோய் வெறுமனே நட்டு வைத்தேன். அதற்கும் பழகட்டும் என்று.

போன ஞாயிறு, ஜனவரி 5, எடுத்த படம்தான் கீழே இருப்பது. தூரம் 70 மீட்டர். 600 மி.மீ., எஃப் 6.3, 1/40, ஐஎஸ்ஓ 4000. சூரியன் இறங்கிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. முக்காலியில் நடுக்கக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டேன், சத்தமில்லாத ஷட்டர், இரண்டு நொடித் தாமதம். முப்பது படத்தில் நான்கு கூர்மையாக வந்தன. கோட்டான் திட்டின் ஓரத்துக்கு வந்து தொண்டையை உப்பி, அந்த வெள்ளைத் திட்டு தெரிய, கூப்பிடுகிறது. இரண்டாவது பறவை வலது ஓரத்தில், நிழலில். தேடித்தான் பார்க்க வேண்டும்.

நெடுங்குழல் (கோவை)
13 ஜனவரி 2025, காலை 7.20

அண்ணே, இரண்டாவது பறவையைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது! சுவரில் கல் வெட்டத் துளை போட்ட கோடுகள் வரிசையாக இறங்குவதும் அதன் மார்புக் கோடுகளும் ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்கலாமா என்று தெரியவில்லை, வெட்டி நெருக்கமாக ஒன்று போடலாமே? பறவை சிறியதாக இருக்கிறது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)
13 ஜனவரி 2025, காலை 11.45

வெட்ட வேண்டாம் தம்பி. அது இருக்கிற வீட்டோடு சேர்த்துத்தான் அழகு. கீழே தண்ணீரில் சுவரின் நிழல் விழுந்திருப்பதைப் பாருங்கள். முகத்தை மட்டும் காட்டுகிற படம் ஆயிரம் கிடைக்கிறது, அது எங்கே வாழ்கிறது என்று சொல்கிற படம் அபூர்வம்.

என் பக்கம் ஒரு நல்ல செய்தி. கோயில் பெரியவர்களிடம் போய்ப் பேசினேன். பின்பக்கத்து மாடம் ஒன்றில் வலையைக் கழற்றச் சம்மதித்துவிட்டார்கள். கூகை வருமா வராதா, பார்க்கலாம்.

பருந்துப்பார்வை (மதுரை)
23 ஜனவரி 2025, இரவு 8.00

ஏலம் ரத்து! ஒன்றிய அரசு இன்று அறிவித்துவிட்டது. அரிட்டாபட்டியில் வெடி வெடிக்கிறார்கள். வல்லூறுகளுக்கு இன்று ஒரு இரவு மட்டும் தொந்தரவு, பொறுத்துக்கொள்ளட்டும்.

கம்மாக்கரைக்கு ஒன்று. நாம் கொடுத்த மனுவைப் பற்றி நான் முதலில் சொன்னதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை, ஓர் இடத்தின் பெயர் வெளியே தெரிந்தால்தான் அதைக் காக்க முடியும். ஆனால் பெயரை யாரிடம் முதலில் சொல்வது என்ற வரிசை முக்கியம் என்று இந்த இரண்டு மாதத்தில் புரிந்துகொண்டேன். ஆட்டுக்காரப் பெரியவர், ஊர்க்காரர்கள், வனத்துறை, அதற்கு அப்புறம்தான் நாம்.

நீர்மருது (தருமபுரி)
24 ஜனவரி 2025, காலை 6.10

வாழ்த்துகள். அந்தப் பறக்கும் படம் என்ன ஆயிற்று கம்மாக்கரை? போடாமல் விட்டதை நான் மதிக்கிறேன். அழிக்க மட்டும் செய்யாதீர்கள்.

கம்மாக்கரை (மதுரை)
16 மார்ச் 2025, இரவு 9.15

இரண்டு மாதமாக எழுதவில்லை, காரணம் இருக்கிறது. பிப்ரவரி 2ஆம் தேதி மாலையில் ஒரு பறவைதான் வெளியே வந்து கூப்பிட்டது. மற்றது வரவில்லை. "பொட்டை உக்காந்திருச்சு" என்றார் பெரியவர். அன்றைக்கே முக்காலியை மடக்கிவிட்டேன். அடைகாப்பு ஏறத்தாழ 33 நாள். அதற்குப் பிறகும் குஞ்சுகள் பறக்கப் பழகுகிற வரைக்கும் நான் அங்கே எதற்கு?

இன்று மாலை பெரியவர் தன் பேரனின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டார். "வெள்ளையா ரெண்டு தெரியுது தம்பி. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு." முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், அதனால் அந்த வித்தியாசம். இதை அவரிடம் சொன்னேன். "மூத்ததும் எளையதும்னு சொல்லுங்க" என்றார்.

நீர்மருது, அந்தப் படத்தை அழிக்கவில்லை. போன மாதம் மேலூரில் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எப்படி எடுத்தது என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "காக்கா கொத்துன காயம் ஆறிருச்சா சார்?" என்று கேட்டாள். ஜனவரிப் படத்தைப் பெரிதாக்கி முதுகுப் பக்கத்தைக் காட்டினேன். இறகு ஒன்றுகூட விட்டுப்போகாமல் இருந்தது. அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஜனவரிப் படத்தை அச்சுப் போட்டுப் பெரியவருக்குக் கொடுத்தேன். கோட்டானை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மேல்விளிம்பில் நிற்கிற ஆட்டை விரலால் தொட்டு, "இது செவலை. தையில ரெண்டு குட்டி போட்டுச்சு" என்றார்.

மே மாதம் போவேன். அதுவரைக்கும் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடிதான். புள்ளி ஆந்தைக் குஞ்சு மூன்று வெளியே எட்டிப் பார்க்கின்றன, நாளை படம் போடுகிறேன்.